ஃபாரன்சிக் பத்து மார்க்: விட்டுவிடலாமா?

நவம்பர் 3, காலை. ஒரு வாசகரின் கேள்வி

எஃப்எம்ஜிஇ-க்கு (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவங்க இங்கே எழுதுற தேர்வு) இன்னும் எட்டு வாரம்தான் இருக்கு. 300 கேள்வியில ஃபாரன்சிக் (சட்ட மருத்துவம்) 10. என்கிட்ட இருக்கிற புத்தகம் 2019 பதிப்பு, முழுக்க ஐபிசி (பழைய தண்டனைச் சட்டம்), சிஆர்பிசி (பழைய குற்ற நடைமுறைச் சட்டம்). இப்ப சட்டமே மாறிப்போச்சு. செக்‌ஷன் நம்பரை எல்லாம் மொத்தமா விட்டுட்டு டாக்சிகாலஜி (விஷவியல்) மட்டும் பார்த்தா ஆறு மார்க் தேறும்னு நினைக்கிறேன். சரிதானே?

நவம்பர் 3, இரவு

சரியில்லை. பாஸ் மார்க் 150. தப்பான விடைக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு குறைந்த பக்கத்துக்கு இவ்வளவு மார்க் கிடைக்காது.

பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். பிணம் விறைக்கும் நேரத்தைப் பாராளுமன்றம் மாற்றவில்லை. சட்ட அத்தியாயத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் இதை எழுதிக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வராது:

கொலைக்குத் தண்டனை 302 போய் பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 103. கவனக்குறைவால் மரணம் 304ஏ போய் 106(1). வரதட்சணை மரணம் 304பி போய் 80. காயம் 319 போய் 114, கொடுங்காயம் 320 போய் 116. வன்புணர்ச்சி 375 போய் 63. மனநிலை பிறழ்ந்தவரின் செயல் 84 போய் 22.

நடைமுறைச் சட்டத்தில்: போலீஸ் இன்க்வெஸ்ட் (மரண விசாரணை) 174 போய் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 194. மாஜிஸ்திரேட் இன்க்வெஸ்ட் 176 போய் 196. கைதானவரைப் பரிசோதிப்பது 53 போய் 51, வன்புணர்ச்சிக் குற்றம் சாட்டப்பட்டவரை என்றால் 53ஏ போய் 52, பாதிக்கப்பட்ட பெண்ணை என்றால் 164ஏ போய் 184.

சாட்சியச் சட்டத்தில் இரண்டு போதும்: மரண வாக்குமூலம் 32 போய் பிஎஸ்ஏ (புதிய சாட்சியச் சட்டம்) 26, நிபுணர் சாட்சி 45 போய் 39.

மூன்று சட்டங்களும் நடைமுறைக்கு வந்த நாள் 2024 ஜூலை 1. எந்தத் தண்டனைச் சட்டம் என்பது குற்றம் நடந்த தேதியைப் பொறுத்தது, கேஸ் கோர்ட்டுக்கு வந்த தேதியை அல்ல. கேள்வியில் தேதி கொடுத்திருந்தால் அது அலங்காரத்துக்காக இருக்காது.

நம்பர் மாறியதைவிட உள்ளடக்கம் மாறிய இடங்கள் முக்கியம். கொடுங்காயத்தின் எட்டாவது உட்பிரிவில் 20 நாள் 15 நாளாகிவிட்டது. பழைய 377 (இயற்கைக்கு மாறான உடலுறவு) இல்லை. தற்கொலை முயற்சிக்கான 309-உம் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும் 226. டாக்டரின் கவனக்குறைவுக்கு அதே 2 வருடம், மாற்றமில்லை.

நவம்பர் 4

நேற்று எழுதியதன் கடைசி வரி தப்பு. பழைய 304ஏ-யில் "சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்". அபராதத்தோடு முடியவும் வழி இருந்தது. 106(1)-இல் சிறையும் உண்டு, அபராதமும் உண்டு, "அல்லது" போய்விட்டது. மற்றவர்களுக்கு உச்சம் 5 வருடம், பதிவு பெற்ற மருத்துவர் மருத்துவச் செயல்முறையின்போது செய்ததற்கு 2 வருடம். "டாக்டருக்குச் சலுகை" என்று எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. பழையதோடு ஒப்பிட்டால் அது சலுகையே இல்லை.

"பதிவு பெற்ற" என்ற சொல்லையும் கவனியுங்கள். 2019 ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி அங்கீகரித்த தகுதி வேண்டும், பெயர் தேசிய அல்லது மாநிலப் பதிவேட்டில் இருக்க வேண்டும். போலி டாக்டருக்கு 5 வருடக் கணக்குதான்.

எல்லாத் தவறும் கிரிமினல் கவனக்குறைவு ஆகாது, மிகப் பெரிய அளவிலான அலட்சியம் தேவை என்று உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) சொன்னது இன்னும் கேள்வியாக வரும்.

நவம்பர் 4, மாலை

"15 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் கொடுங்காயம்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அல்ல. அட்மிஷன் நாட்களைச் சட்டம் எண்ணவில்லை. உயிருக்கு ஆபத்து உண்டாக்கிய காயம், அல்லது 15 நாள் கடும் வலி, அல்லது 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாத நிலை. இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். பெட் காலியாக இருந்ததால் 16 நாள் வைத்திருந்தார்கள் என்பது கணக்கில் வராது.

மற்ற ஏழு: ஆண்மை இழப்பு, ஏதேனும் ஒரு கண்ணில் நிரந்தரப் பார்வை இழப்பு, ஏதேனும் ஒரு காதில் நிரந்தரமாகக் கேட்கும் திறன் இழப்பு, ஓர் உறுப்பையோ மூட்டையோ இழத்தல், அதன் செயல்திறன் நிரந்தரமாகக் கெடுதல், தலை அல்லது முகத்தில் நிரந்தர விகாரம், எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம் பெயர்தல்.

பொறிகள் எல்லாம் "நிரந்தர" என்ற சொல்லில்தான். கார்னியாவில் கீறல், ஒரு வாரத்தில் ஆறிவிட்டது: சாதாரணக் காயம். தொடையில் நீளமான வெட்டுத் தழும்பு: எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் தலையோ முகமோ அல்ல, அதனால் ஆறாவதில் வராது. பல் ஆடுகிறது, முறியவில்லை, இடம் மாறவில்லை: சாதாரணம். பல்லின் ஒரு மூலை உடைந்தது: முறிவு, கொடுங்காயம். மூக்கெலும்பில் மயிரிழைப் பிளவு: அதுவும் கொடுங்காயம்தான். எக்ஸ்ரே பார்க்காமல் "சிம்பிள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு விழிப்பது இங்கேதான். படம் வரும் வரை "கருத்து நிலுவையில்" என்று எழுதலாம், தப்பில்லை.

நவம்பர் 6

இறந்த நேரம். இதைப் பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நான்கும் ஒரே கேள்வி: "12-12-12 விதியை நம்பலாமா?"

தேர்வுக்கு நம்பலாம். விறைப்பு 1 முதல் 2 மணி நேரத்தில் தொடங்கும், சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும், 12 மணி நேரம் நிற்கும், அடுத்த 12-இல் போகும். ஆனால் இது ஏன் என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால் கேள்வியை ஒரு திருப்பு திருப்பியதும் விழுந்துவிடுவீர்கள்.

தசை தளர்வதற்கு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) வேண்டும். அது இயல்பு அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே போனதும் ஆக்டினும் மையோசினும் பூட்டிக்கொள்கின்றன. பிறகு தசைப் புரதமே சிதைந்து பூட்டு விடுகிறது. இது புரிந்தால் மீதி தானாக வரும். வெயிலில் வேதிவினை வேகம், ஆகவே விரைவில் வந்து விரைவில் போகும். வலிப்பு, எட்டி விஷம், ஓடிக் களைத்த உடல்: சாகும்போதே ஏடிபி காலி, ஆகவே விரைவு. குளிரில் தாமதம், நீண்ட நேரம் நிற்கும். வட இந்தியக் குளிர்கால எண்ணை வைத்துக்கொண்டு சென்னை மே மாதப் பிணத்துக்கு நேரம் சொன்னால் தப்பாகத்தான் வரும்.

வரிசை: உள்ளே முதலில் இதயத் தசை. வெளியே கண்ணிமை, தாடை, கழுத்து, கை, உடல், கால், கடைசியாக விரல்களின் சிறு தசைகள். போவதும் இதே வரிசையில். "போவது தலைகீழ் வரிசை" என்று ஓர் ஆப்ஷன் கண்டிப்பாக இருக்கும்.

முழுதாக வந்துவிட்ட விறைப்பை வலுக்கட்டாயமாக உடைத்தால் அந்த மூட்டில் மறுபடி வராது. வந்துகொண்டிருக்கும்போதே உடைத்தால் ஓரளவு திரும்ப வரும். பாதிப் பேர் தப்பு விடுவது இதில்.

விறைப்பு மாதிரித் தெரியும் மற்றவை: தீயில் புரதம் உறைந்து வரும் வெப்ப விறைப்பு (கை கால் மடங்கிக் குத்துச்சண்டைக்காரர் போல இருக்கும், அது உயிருடன் எரிந்ததற்குச் சான்று அல்ல), கொழுப்பும் திரவமும் உறைந்து வரும் குளிர் விறைப்பு, அழுகல் வாயு விறைப்பு. இவற்றோடு கடாவெரிக் ஸ்பாசம். இது சாகும் நொடியிலேயே வரும், நடுவில் தளர்ச்சிக் கட்டமே இல்லை, கை போன்ற ஒரு தசைக்கூட்டத்தில் மட்டும் இருக்கும். செத்த பிறகு யாராலும் உண்டாக்க முடியாது. அதனால்தான் முஷ்டியில் இறுகப் பிடித்த துப்பாக்கியும் குளத்துப் பாசியும் சாட்சி சொல்கின்றன.

பிண நிறம் (ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் தேங்கித் தோல் நிறம் மாறுவது): 1 முதல் 3 மணி நேரத்தில் புள்ளி புள்ளியாக, 4 மணி வாக்கில் ஒன்றாகச் சேர்ந்து, 6 முதல் 12 மணிக்குள் நிலைத்துவிடும். நிலைத்த பிறகு புரட்டினாலும் இடம் மாறாது. மல்லாந்து கிடக்கும் உடலில் நெஞ்சுப் பக்கம் நிலைத்த நிறம் என்றால், பல மணி நேரம் குப்புறக் கிடந்ததை யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

அழுகல்: வலது இடுப்புப் பள்ளத்தில் பச்சை. சீக்கம் (பெருங்குடலின் தொடக்கம்) அங்கே தோலுக்கு அருகில், உள்ளே பாக்டீரியா நிறைய, ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்து சல்ஃப்மெத்ஹீமோகுளோபின், பச்சை அதனால்தான். கோடையில் 12 முதல் 18 மணி, குளிரில் 1 முதல் 2 நாள். மார்பிளிங் (சிரைகள் தோலில் கிளைக் கோடுகளாகத் தெரிவது) 36 முதல் 48 மணி. முதலில் அழுகுவது குரல்வளை, மூச்சுக்குழாயின் உட்படலம். கடைசியில் ஆணுக்கு புராஸ்டேட், பெண்ணுக்குக் கர்ப்பமில்லாத கருப்பை.

ஒரு பயிற்சி. கோடை. விரல் வரை விறைப்பு. முதுகில் நிறம் நிலைத்துவிட்டது. பச்சை இல்லை. ஆப்ஷன்: 2, 5, 12, 36 மணி. விரல் வரை விறைப்பு என்பது 2-ஐயும் 5-ஐயும் தூக்கும், பச்சை இல்லாதது 36-ஐத் தூக்கும். மிச்சம் 12. கேள்வி எப்போதும் இப்படித்தான் கட்டப்படும்: ஓர் அறிகுறி கீழ் எல்லையைச் சொல்லும், இன்னொன்று மேல் எல்லையை.

நவம்பர் 6, சற்று நேரம் கழித்து

உடல் வெப்பத்தை விட்டுவிட்டேன். வளைவு எஸ் வடிவம், நேர்கோடு அல்ல. முதலில் சற்று நேரம் இறங்காமல் நிற்கும். சாதாரண டாக்டர் தெர்மாமீட்டர் பயன்படாது, 0 முதல் 50 டிகிரி வரை உள்ள 25 செ.மீ. நீள வேதியியல் தெர்மாமீட்டர், மலக்குடலில் 8 முதல் 10 செ.மீ. ஆழம், 2 நிமிடம். வன்புணர்ச்சிச் சந்தேகம் இருந்தால் ஸ்வாப் எடுக்கும் முன் மலக்குடலில் எதையும் நுழைக்கக் கூடாது. இது ஆப்ஷனில் வராது, வேலையில் வரும்.

நவம்பர் 7

எந்த விஷத்தில் பிண நிறம் எப்படி இருக்கும், ஒரே மூச்சில்: கார்பன் மோனாக்சைடு செர்ரிச் சிவப்பு. சயனைடு செங்கல்/பளிச் சிவப்பு. நைட்ரைட், குளோரேட், அனிலின் சாக்லேட் பழுப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு நீலப்பச்சை. பாஸ்பரஸ் கரும்பழுப்பு.

பொறி: ஃப்ரீசரில் வைத்த உடலும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். குளிரில் ஆக்சிஹீமோகுளோபின் பிரியாமல் நிற்கிறது. பிணவறை ஃப்ரீசருக்குள் கார்பன் மோனாக்சைடு யாரும் விடவில்லை.

நவம்பர் 9

தூக்கு, கழுத்து நெரிப்பு.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். "டிப்பிகல்" என்பது முடிச்சின் இடம்: பின்கழுத்தில் இருந்தால் டிப்பிகல், வேறெங்கே இருந்தாலும் ஏடிப்பிகல். "கம்ப்ளீட்" என்பது கால்: தரையில் படாமல் தொங்கினால் கம்ப்ளீட், உடலின் ஏதாவது ஒரு பகுதி தாங்கப்பட்டிருந்தால் பார்ஷியல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. உட்கார்ந்த நிலையிலும் தூக்கில் சாகலாம், ஏனென்றால் தலையின் எடையான 5, 6 கிலோவே போதும். ஜுகுலர் சிரை மூட 2 கிலோ, கரோட்டிட் தமனிக்கு 5, மூச்சுக்குழாய்க்கு 15. இந்த வரிசையிலேயே விடை இருக்கிறது.

தடம்: தூக்கில் சாய்வாக, தைராய்டு குருத்தெலும்புக்கு மேலே, முடிச்சுப் பக்கம் விட்டுப்போய். நெரிப்பில் கிடையாக, முழு வட்டமாக, தைராய்டு மட்டத்தில் அல்லது கீழே. தூக்கில் எச்சில் முடிச்சுக்கு எதிர்ப்பக்க வாய் மூலையிலிருந்து நேராக வழிந்து காய்ந்திருக்கும். செத்த உடலைக் கட்டித் தொங்கவிட்டால் எச்சில் ஊறாது. உயிருடன் தொங்கியதற்கு வலுவான அடையாளம் அது.

ஹையாய்டு (நாக்கின் அடியில் உள்ள எலும்பு): கையால் நெரித்தால் உட்பக்கமாக மடிந்த முறிவு, தூக்கில் வெளிப்பக்கம் விரிந்த முறிவு. 40 வயதுக்கு மேல்தான் அதிகம், இளம் வயதில் எலும்பு வளையும். ஆகவே ஹையாய்டு முறியவில்லை என்பதால் நெரிப்பு இல்லை என்று எழுதக் கூடாது.

பிரேதப் பரிசோதனையில் வரிசை முக்கியம். மண்டையையும் நெஞ்சையும் முதலில் திறந்து, மூளையையும் இதயத்தையும் எடுத்து, கழுத்து ரத்தம் முழுக்க வடிந்த பிறகுதான் கழுத்தை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். முதலிலேயே கழுத்தில் கத்தி வைத்தால் சிரை ரத்தம் கசிந்து திசுவில் பரவும். அது பார்க்க நெரிப்புக் காயம் மாதிரியே இருக்கும். பிரின்ஸ்லூ-கார்டன் ஆர்ட்டிஃபேக்ட் என்று கேட்பார்கள். ஓர் ஆப்ஷனாக மட்டும் பார்க்க வேண்டாம், அப்பாவி ஒருவர் மேல் கொலை கேஸ் விழுகிற இடம்.

நவம்பர் 10

"ஃபாரன்சிக்கில் எல்லாவற்றுக்கும் ஃபார்மலின்தானே சார்?"

விசெரா (விஷச் சோதனைக்கு எடுக்கும் உள்ளுறுப்புகள்) பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றினால் கெமிக்கல் அனலைசர் உங்களை நினைத்துக்கொள்வார், நல்லபடியாக அல்ல. ஃபார்மலின் திசுவை இறுக்கிவிடும், விஷத்தைப் பிரித்தெடுக்க முடியாது. 10 சதவீத ஃபார்மலின் ஹிஸ்டோபேத்தாலஜிக்கு மட்டும்.

விஷத்துக்கு: நிறைவுற்ற சாதாரண உப்புக் கரைசல். அடியில் கரையாத உப்பு கொஞ்சம் நிற்கும் அளவுக்கு உப்பு. ஆசிட் விஷம் என்றால் ரெக்டிஃபைடு ஸ்பிரிட், ஆனால் கார்பாலிக் ஆசிட்டுக்கு ஸ்பிரிட் கூடாது, உப்புதான். ஆல்கஹால், குளோரோஃபார்ம், கெரசின், பாஸ்பரஸ், ஃபார்மால்டிஹைடு விஷங்களுக்கும் ஸ்பிரிட் கூடாது. குடித்துச் செத்தவரின் கல்லீரலைச் சாராயத்தில் போட்டு அனுப்பி "ஆல்கஹால் இருக்கிறதா" என்று கேட்பது என்ன நியாயம்?

அளவு: முதல் பாட்டிலில் இரைப்பையும் அதன் உள்ளடக்கமும், சிறுகுடலின் மேல் 30 செ.மீ. அதன் உள்ளடக்கத்தோடு. இரண்டாவதில் கல்லீரல் 500 கிராம், இரு சிறுநீரகத்திலும் பாதி பாதி. ரத்தம் தனி, சிறுநீர் 100 மி.லி. தனி. கூடவே எதையும் போடாத வெறும் பிரிசர்வேட்டிவ் ஒரு பாட்டில், கன்ட்ரோலுக்கு. அதை மறந்தால், உப்பிலேயே விஷம் இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லும்போது பதில் இருக்காது.

பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அழுகல் வாயு மூடியைத் தள்ளிவிடும்.

ரத்தம் தொடைச் சிரையிலிருந்து. நெஞ்சுக் குழியில் தேங்கியதை மொண்டு எடுத்தால் இரைப்பையிலிருந்து ஊறிவந்த ஆல்கஹால் சேர்ந்திருக்கும், அளவு பொய்யாக ஏறும். 10 மி.லி. ரத்தத்துக்கு சோடியம் ஃப்ளோரைடு 100 மி.கி., பொட்டாசியம் ஆக்சலேட் 30 மி.கி. ஃப்ளோரைடு ஈனோலேஸ் நொதியை நிறுத்துவதால் பாட்டிலுக்குள் புதிதாகச் சாராயம் காய்ச்சப்படாது. கார்பன் மோனாக்சைடு என்றால் மேலே லிக்விட் பாரஃபின் ஒரு படலம்.

உயிரோடு இருக்கும் டிரைவரிடம் ஆல்கஹால் பார்க்க ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது, சோப்பும் தண்ணீரும் போதும். சட்ட எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி., மோட்டார் வாகனச் சட்டம் 185.

நவம்பர் 12

டாக்சிகாலஜி. கேள்வி கேட்டவர் இதற்காகத்தான் காத்திருக்கிறார்.

நம் ஊரில் வேலியோரம் நிற்பதை வைத்தே பாதி அத்தியாயத்தை முடிக்கலாம். ஜோடியாகப் படியுங்கள்.

மஞ்சள் அரளியும் ஒடுவனும். அரளி விதையில் கார்டியாக் கிளைக்கோசைடு. டிஜாக்சின் மாதிரியே வேலை செய்யும்: வாந்தி, இதயத் துடிப்பு குறைதல், ஹார்ட் பிளாக், பொட்டாசியம் ஏற்றம். இலங்கையிலும் இதுதான் பெரிய தலைவலி. ஒடுவந்தழையில் நேர் எதிர்: டிஸ்டல் ஆர்டிஏ (சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாத நிலை), பொட்டாசியம் இறக்கம், அமிலத்தேக்கம். இரண்டிலும் இதயம் நின்றுதான் சாவு, ஆனால் பொட்டாசியம் எதிர்த்திசையில். ஒடுவன் அகில இந்தியத் தேர்வில் அரிதாகத்தான் வரும், ஹவுஸ் சர்ஜனாகத் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ நின்றால் நேரில் வரும்.

ஊமத்தை விதையும் மிளகாய் விதையும். ஊமத்தை சிறுநீரக வடிவம், பழுப்பு, பிளந்து பார்த்தால் கரு ஹைலம் (விதைத் தழும்பு) பக்கம் வெளிப்புறமாக வளையும். மிளகாயில் 6 போல உள்ளே சுருளும். ஊமத்தை தின்றவர் உலர்ந்து, சிவந்து, கண் விரிந்து, காற்றில் நூல் இழுத்துக்கொண்டு பினாத்துவார். மாற்று மருந்து ஃபைசோஸ்டிக்மின்.

எட்டியும் டெட்டனஸும். எட்டியில் ஸ்ட்ரிக்னின் கிளைசினைத் தடுக்கிறது. வலிப்புக்கு நடுவே தசை முழுக்கத் தளரும். டெட்டனஸில் இறுக்கம் விடாது. எட்டியில் சாகும் வரை நினைவு தெளிவாக இருக்கும், அதுதான் கொடுமை.

குன்றிமணி: அப்ரின், ரைபோசோமை நிறுத்தும். முழு விதையை விழுங்கினால் ஓடு உடையாமல் வெளியே போய்விடும். அரைத்து ஊசியாக்கிக் காய வைத்து மாட்டுக்குக் குத்துவார்கள், பார்க்க விரியன் கடி போல வீங்கும். சேங்கொட்டை: சலவைத் துணியில் குறி போட்ட அதே சாறு. பொய்யாகக் கன்றல் (அடிபட்ட ரத்தக்கட்டு) காட்டப் பூசுவார்கள். உண்மைக் கன்றல் அரிக்காது, இது அரிக்கும், கொப்புளம் வரும், சொறிந்த விரல் நுனியிலும் கறை இருக்கும், தன் கை எட்டும் இடத்தில்தான் இருக்கும்.

செங்காந்தள், நம் மாநில மலர்: கோல்சிசின். முதல் நாள் வாந்தி பேதி, பிறகு எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், பிழைத்தால் முடி கொட்டும்.

நவம்பர் 12, இரவு

பூச்சிமருந்தை விட்டுவிட்டு ஒரு டாக்சிகாலஜி பதிவு! யாரோ கேலி செய்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆர்கனோபாஸ்பேட்: ஊசிமுனை போலச் சுருங்கிய கண் பாப்பா, எச்சில், வியர்வை, நெஞ்சில் கரகரப்பு, தசைத் துடிப்பு. அட்ரோபின் 2 மி.கி. நரம்பில், 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கி, நெஞ்சு தெளியும் வரை. இலக்கு நெஞ்சு, துடிப்பு 80-க்கு மேல், உலர்ந்த அக்குள். பாப்பா விரிவது இலக்கு அல்ல, அதைத் துரத்தினால் அட்ரோபின் விஷம் வந்து சேரும். தசைத் துடிப்பும் தசைப் பலவீனமும் நிகோட்டினிக் (தசையில் உள்ள வேறு வகை ஏற்பி), அதற்கு அட்ரோபின் ஒன்றும் செய்யாது. பிராலிடாக்சிம் 30 மி.கி./கிலோ மெதுவாக, பிறகு மணிக்கு 8 மி.கி./கிலோ. 24 முதல் 96 மணிக்குள் கழுத்தைத் தூக்க முடியவில்லை என்றால் இன்டர்மீடியட் சிண்ட்ரோம், மூச்சுத் தசை அடுத்தது. 2, 3 வாரம் கழித்துக் கால் மரத்தால் தாமத நரம்புப் பாதிப்பு.

எலிமருந்தில் இரண்டு வேறு விஷம், குழப்ப வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்: முதல் நாள் வாந்தி, பிறகு ஓரிரண்டு நாள் "நன்றாக இருக்கிறார்", அதன் பின் கல்லீரல் போகும். நடுக்கட்டத்தில் வீட்டுக்கு அனுப்புவதுதான் தவறு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை: பூண்டு வாடை, பாஸ்பீன், அடங்காத ரத்த அழுத்தச் சரிவு, சில்வர் நைட்ரேட் தாள் கறுக்கும், மாற்று மருந்து இல்லை.

நவம்பர் 14

கன்றல் நிறம் பற்றிக் கேட்டவருக்கு: சிவப்பு, பிறகு 1 முதல் 3 நாள் நீலம், 4-ஆம் நாள் பழுப்பு (ஹீமோசிடரின்), 5-6 பச்சை (பிலிவெர்டின்), 7 முதல் 12 மஞ்சள் (பிலிரூபின்), இரண்டு வாரத்தில் இயல்பு. கண் வெள்ளையில் ரத்தக் கசிவுக்குப் பச்சைக் கட்டம் கிடையாது, காற்றின் ஆக்சிஜன் படுவதால் சிவப்பிலிருந்து நேரே மஞ்சள்.

இது தேர்வுக்கான அட்டவணை. கோர்ட்டில் இப்படி நாள் எண்ணிச் சொல்லக் கூடாது. ஆள், ஆழம், இடம், தோல் நிறம் எல்லாம் மாற்றும். ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மஞ்சள் தெரிந்தால் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மண்டையிலும் முழங்காலுக்குக் கீழ் எலும்பின் மேலும் தடியடி கத்தி வெட்டு மாதிரியே பிளக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஓரத்தில் நசுங்கல், நடுவே திசுப் பாலங்கள், நசுங்கிய மயிர்வேர் என்றால் அது வெட்டு அல்ல. குண்டுக் காயத்தில் மண்டை எலும்பு உள் மேசையில் (எலும்பின் உள் அடுக்கில்) அகன்று சாய்ந்தால் நுழைவு, வெளி மேசையில் என்றால் வெளியேற்றம்.

நவம்பர் 17

பாலியல் குற்றப் பரிசோதனை. இங்கே பழைய புத்தகம் உண்மையிலேயே ஆபத்து.

இரு விரல் பரிசோதனை இல்லை. 2022 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர் முறைகேட்டுக் குற்றத்துக்கு உள்ளாவார் என்றே சொல்லிவிட்டது. "உடலுறவுக்குப் பழகியவர்" என்ற வாக்கியம் அறிக்கையில் வரவே கூடாது. கன்னிப்படலம் பழையபடி கிழிந்திருக்கிறது என்பதால் எதுவும் நிரூபணமாகாது, கிழியவில்லை என்பதாலும் எதுவும் மறுக்கப்படாது.

சம்மதம் எழுத்தில், பரிசோதனை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அறிக்கையில், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம். பிஎன்எஸ்எஸ் 184 இப்போது 7 நாள் கெடு வைத்திருக்கிறது, அதற்குள் அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரியும் மறுக்க முடியாது (பிஎன்எஸ்எஸ் 397). 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ (சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம்) 19 படி போலீசுக்குத் தகவல் கட்டாயம், குடும்பம் வேண்டாம் என்றாலும்.

கருக்கலைப்பையும் இங்கேயே: 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர், 20 முதல் 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு டாக்டர், 24-க்கு மேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம். சம்மதம் பெண்ணுடையது மட்டும், கணவர் கையெழுத்து தேவையில்லை. 18-க்குக் கீழ் என்றால் பாதுகாவலர். பழைய நோட்ஸில் 12, 20 என்று இருக்கும், அடித்துவிடுங்கள்.

நவம்பர் 19

வயது பற்றி இரண்டே வரி. 14 வயதுக்குள் பல், அதற்கு மேல் எக்ஸ்ரே. கதிரியக்க வயதில் இரு பக்கமும் 2 வருடப் பிழை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஏற்றுக்கொண்டது, ஆகவே "சரியாக 18" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பிறந்த குழந்தையின் முழுக்கால வளர்ச்சிக்குத் தொடை எலும்பின் கீழ்முனை மையம்: 36 வாரம். (அந்த மையத்தைப் பார்க்க எலும்பைக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக, முனையிலிருந்து மேல்நோக்கி வெட்ட வேண்டும். ஒரே வெட்டாக வெட்டினால் தவறிப்போகும்.)

நவம்பர் 22

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "மரண வாக்குமூலம் கொடுத்தவர் பிழைத்துவிட்டால் என்ன ஆகும்?" செக்‌ஷனை விட்டுவிடலாம் என்றவர், இப்போது செக்‌ஷன் 26-க்குள் நிற்கிறார்.

பிழைத்துவிட்டால் அது மரண வாக்குமூலம் அல்ல. அவரே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும், எழுதி வைத்தது அதற்குத் துணையாக மட்டும் பயன்படும்.

எடுக்கும் முறை: மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் வரும் வரை தாங்காது என்றால் டாக்டரே எழுதலாம், இரண்டு சாட்சி வைத்து. சத்தியப் பிரமாணம் இல்லை. அவர் சொன்ன சொற்களிலேயே, அவர் மொழியிலேயே. விடையைத் தூண்டும் கேள்வி கூடாது. பேச முடியாவிட்டால் சைகையும் செல்லும், கேட்ட கேள்வியையும் காட்டிய சைகையையும் அப்படியே எழுத வேண்டும். நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சான்று தர வேண்டும், தொடக்கத்தில் மட்டுமல்ல, முடிவிலும். நடுவில் மயங்கினால் அதுவரை எழுதியதில் கையெழுத்து. வாசித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, சீல் வைத்து மாஜிஸ்திரேட்டுக்கு.

ஆங்கிலேயச் சட்டத்தில் சொல்பவருக்குத் தான் சாகப்போகிறோம் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் அது தேவையில்லை. டையிங் டெபொசிஷன் வேறு: மாஜிஸ்திரேட் முன், பிரமாணத்தோடு, குறுக்கு விசாரணையோடு. மதிப்பு அதிகம், இந்தியாவில் நடைமுறையில் இல்லை. நான்கு ஆப்ஷனில் "குறுக்கு விசாரணை உண்டு" என்று இருந்தால் அது டெபொசிஷன்.

நவம்பர் 22, பின்குறிப்பு

மேலே "பிரமாணம் இல்லை" என்று எழுதியதை வைத்து ஒருவர் "அப்படியானால் மதிப்பும் இல்லையா" என்கிறார். உண்டு. கோர்ட் நம்பினால் அது ஒன்றை வைத்தே தண்டிக்கலாம், துணைச் சாட்சி கட்டாயமில்லை. அதனால்தான் 90 சதவீதத் தீக்காயத்தோடு வந்தவருக்கு மார்ஃபின் ஏற்றிய நேரத்தையும் வாக்குமூலம் எடுத்த நேரத்தையும் கேஸ் ஷீட்டில் நிமிடத்தோடு எழுதச் சொல்கிறார்கள். முதல் குறுக்கு விசாரணைக் கேள்வியே அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில்தான் வரும்.